பிள்ளையின் சாதிச் சான்றிதழை அடகு வைக்கச் சொன்னது யார்?



கே.ஜி.கண்டிகையை ஒட்டிய காலனி ஒன்றில் ஓர் இளம் குடும்பம் வெளிநாட்டு ஊழியத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. கணவர் இறையியல் படித்தவர். மனைவி செவிலியர். இரண்டு பிள்ளைகள், மூத்தது பள்ளிக்கூடம் சேரும் வயது. ஆப்பிரிக்க நாடொன்றில் பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடத்துகிற மிஷன் வேலைக்குப் போகிறார்கள். பெயர், தெரு, சபை எதையும் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருளே.

அவர்கள் எங்களிடம் வந்தது விசாவுக்காக அல்ல. பெரிய பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க. அம்மா, அப்பா இருவருடைய பள்ளிச் சான்றிதழிலும் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற குடும்பம். நம் பகுதியில் இப்படி எத்தனை வீடுகள் என்று உங்களுக்கே தெரியும். சுவரில் வசனக் காலண்டர், பீரோவுக்குள் இந்து என்ற சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து, தாசில்தார் கையெழுத்தாகி வரும்வரை அந்தக் காலண்டரைக் கழற்றிச் சுருட்டி வைப்பார்கள். இதைத்தான் இந்த நாட்டில் மதச் சுதந்திரம் என்கிறோம்.

இப்போது ஊழியத்துக்கு அனுப்பும் அமைப்பு கேட்கிற காகிதங்களைப் பாருங்கள். ஞானஸ்நானச் சான்று. சபை அங்கத்தினர் என்று போதகர் கொடுக்கும் கடிதம். எப்போது, எப்படி மனம் மாறினீர்கள் என்று சொந்தக் கையெழுத்தில் எழுதிய சாட்சி. மருத்துவப் பரிசோதனை. மத ஊழியர் என்று அறிவித்துப் போடும் விசா விண்ணப்பம். இதற்கெல்லாம் மேலே ஜெப அட்டை: குடும்பப் படம் போட்டு, பெயர், ஊர், போகிற நாடு எல்லாம் அச்சடித்து, மாதம் இவ்வளவு தருகிறோம் என்று வாக்குக் கொடுப்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் விநியோகிக்கும் அட்டை. இதில் எந்த ஒரு காகிதம் தாசில்தார் மேசைக்குப் போனாலும் போதும், பிள்ளையின் எஸ்.சி. சான்றிதழ் முடிந்தது.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி அதைச் செய்கிறது. இந்து மதம் அல்லாத மதத்தை வெளிப்படையாகக் கடைப்பிடிப்பவர் பட்டியல் சாதி அல்ல என்றது அது. 1956ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் வாசலுக்கு வெளியேதான். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். கல்வி உதவித்தொகை, விடுதி போன்ற சிலவற்றில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் மாநில அரசு இடம் கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இடஒதுக்கீடு என்று வந்தால், சேரிக்குள் தண்ணீர்க் குழாய் வரவிடாமல் தடுக்கிற சாதிக்காரன் பிள்ளையோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிட வேண்டும். பக்கத்து அரக்கோணம் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. நாளைக்கு இந்தப் பிள்ளை வளர்ந்து அங்கே நிற்க ஆசைப்பட்டால் முடியாது.

சட்டக் கல்லூரித் தம்பி தங்கைகள் சூசை வழக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசுத் திட்டத்தில் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தார்கள். அதே தொழில், அதே சாலையோரம், அதே சாதி. சூசைக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் அவர் சூசை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாதாம். இந்து மதத்துக்குள் இருந்தபோது பட்ட இழிவும் ஒடுக்குமுறையும் அதே கடுமையோடு புது மதத்திலும் தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டுமாம். தோலையும் ஊசியையும் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிற மனிதர், தன் இழிவின் ஆழத்தை அளந்து மனு போட வேண்டும்! அந்தச் செருப்புத் தைக்கும் இடத்தைத் தவிர வேறென்ன நிரூபணம் வேண்டும் என்று கேட்க அந்த நீதிமன்றத்தில் ஆள் இல்லை.

அது பழைய கதை என்று நினைத்தால், 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண்ணொருவரின் வழக்கில் வந்த தீர்ப்பைப் பாருங்கள். அரசு எழுத்தர் வேலைக்கு எஸ்.சி. சான்றிதழ் கேட்டவர் அவர். தான் இந்துவாகவே வாழ்வதாகச் சொன்னார். கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோர் கொடுத்த ஞானஸ்நானத்தின் பதிவு பல ஆண்டுகள் கழித்து அவருக்கு எதிராக எழுந்து நின்றது. நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தை ஏமாற்றுவது என்றது உச்ச நீதிமன்றம். பெற்றோர் பதிந்த ஒரு வரி பிள்ளையின் வேலையைத் தின்றது. கே.ஜி.கண்டிகைக் குடும்பம் இப்போது ஒரு வரி அல்ல, ஒரு கோப்பே தயாரித்துக்கொண்டிருக்கிறது.

2025ல் ஆந்திர உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று குண்டூர் மாவட்டத்துப் போதகர் ஒருவர் கொடுத்த வழக்கில், கிறித்தவராகிவிட்டவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்றது. கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது காரணம். சாதி சொல்லி அடித்தவனுக்கு அந்த இறையியல் தெரியாது போலிருக்கிறது. நாம் இருப்பது எல்லையோரம். பேருந்தில் ஏறினால் நகரி. அங்கே மாமன் மச்சான் உறவுகள் இருக்கிற நம் மக்களுக்கு இது வேற்று மாநிலச் செய்தி அல்ல.

இதே சட்டம் இன்னொரு பக்கம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கிறித்தவரான முன்னோரின் வாரிசு இந்து மதத்துக்குத் திரும்பி, பழைய சாதிக்காரர்களும் ஏற்றுக்கொண்டால், பட்டியல் சாதி உரிமை திரும்பக் கிடைக்கும் என்று 2015ல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியே போனால் பூட்டு, உள்ளே வந்தால் பரிசு. மதமாற்றத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று கத்துகிறவர்கள், மதம் மாறாமல் இருக்க அரசாங்கமே கொடுக்கிற இந்த விலையைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

இனி நம் ஆட்கள்.

இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசியபோது நம் வட்டத்திலேயே சிலர் சிரித்தார்கள். “வெள்ளைக்காரன் வேலையை இப்போது நம்மாளே செய்கிறானா”, “இங்கே சேரி எரியுது, அங்கே போய் யாருக்குச் சுவிசேஷம்” என்றார்கள். சிரித்தவர்களில் இருவர் பௌத்தம் தழுவியவர்கள். அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டும். அண்ணல் அம்பேத்கரோடு 1956ல் பௌத்தம் ஏற்ற மக்கள் 1990 வரை இதே மூன்றாவது பத்தியின் கீழ்தான் நசுங்கினார்கள். மகாராஷ்டிரத்தில் தனித் தொகுதியொன்றில் வென்ற டி.பி.மேஷ்ராம், பௌத்தரானதைப் பகிரங்கமாக அறிவித்தார் என்பதற்காகவே பதவியை இழந்தார். மதத்தைக் கடைப்பிடிப்பது என்றால் வெளிப்படையாக அறிவிப்பது என்று 1960களில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் பொருள் சொன்னது. அன்று பௌத்தரைத் தொகுதியிலிருந்து இறக்கிய அதே பொருள்தான் இன்று ஜெப அட்டை அச்சடிக்கிற குடும்பத்தின் கழுத்தில் கிடக்கிறது. நமக்குப் பூட்டு கழன்றுவிட்டது என்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பூட்டைப் பார்த்துச் சிரிப்பது அம்பேத்கரியம் ஆகாது.

மிஷனரி என்றால் வெள்ளைக்காரன் என்பதும் பாதி வரலாறு. அமெரிக்க மண்ணிலிருந்து கடல் கடந்து ஊழியத்துக்குப் போன முதல் ஆள் ஜார்ஜ் லைல். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பர். வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்தது 1793ல். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1783ல், லைல் மனைவி ஹன்னாவோடும் நான்கு பிள்ளைகளோடும் ஜமைக்காவில் இறங்கிவிட்டார். அனுப்பிவைக்க எந்தச் சங்கமும் இல்லை. பயணக் கடனுக்காக ஒரு கர்னலிடம் தன்னையே ஒப்பந்தக் கூலியாக எழுதிக்கொடுத்துப் போனார். உழைத்துக் கடனைத் தீர்த்தார், அடிமைகளிடம் பிரசங்கித்தார், ராஜத்துரோகம் என்று சிறையிலும் போட்டார்கள். அந்தத் தீவில் அவர் தொடங்கிவைத்த பாப்திஸ்து இயக்கத்தில் பின்னால் வந்தவர்தான் சாம் ஷார்ப். 1831 கிறிஸ்துமஸில் ஆயிரக்கணக்கான அடிமைகளை எழுப்பி, 1832ல் தூக்கில் ஏறியவர். 1833ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் அந்த எழுச்சி நிற்கிறது.

அவ்வளவு தூரம் போகாமல் பக்கத்திலேயே ஒருவர் உண்டு. திருத்தணியில் ரயிலேறி ரேணிகுண்டா, கூடூர் தாண்டினால் நெல்லூர். அங்கிருந்து 1903ல் ஜான் ரங்கையா குடும்பத்தோடு கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார். அவரை அனுப்பியது அமெரிக்கச் சங்கம் அல்ல, தெலுங்கு பாப்திஸ்து மக்களே நடத்திய உள்நாட்டு மிஷன் சங்கம். அந்தச் சபைகளில் பெரும்பாலோர் மாதிகா, மாலா மக்கள். கைநாட்டுக் கூலிகள் சேர்த்த காணிக்கையில் ஓர் ஊழியர் கடல் கடந்தார். யாரிடம் போனார்? கரும்புக்கும் தேயிலைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக அதே மண்ணிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டவர்களிடம். கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் அவர் ஒரு சபையை நிறுவினார். தன் சனம் எங்கே கொண்டுபோகப்பட்டதோ அங்கே பின்தொடர்ந்து போன பயணம் அது. அதைச் சிரித்துத் தள்ள எங்களால் முடியாது.

‘அரிசிக் கிறித்தவர்’ என்ற வசைக்கும் அந்த மக்கள் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ஓங்கோல் பகுதியில் இயக்கத்தைத் தொடங்கியவர் தோல் வியாபாரம் செய்த எர்ரகுண்ட்ல பேரையா என்ற மாதிகா. அவராகத் தேடிப் போய்த்தான் மிஷனைத் தன் ஊருக்குக் கூட்டிவந்தார். தாது வருடப் பஞ்சத்தில் பாதிரியார் கிளாவ் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் ஒப்பந்தம் எடுத்து மக்களுக்கு வேலை கொடுத்தார். அந்த நிவாரணக் காலம் முழுக்க ஞானஸ்நானத்தை நிறுத்திவைத்தார். பஞ்சம் தணிந்த பிறகு, 1878 ஜூலை 3 ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் இறங்கினார்கள். அரிசி கொடுத்தபோது இறங்காதவர்கள், அரிசி நின்ற பிறகு இறங்கினார்கள்.

மிஷன் கொடுத்ததை வாங்கியவர்கள் நாம் மட்டுமா? 1888ல் நம் திருத்தணியில் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று படித்தார். அத்தனை மிஷன் பள்ளிப் படிப்புக்குப் பிறகும் அவர் பிராமணராகவே இருந்தார், இந்து தத்துவத்தின் உலகப் பிரதிநிதி ஆனார், குடியரசுத் தலைவர் ஆனார். அவரை யாரும் எந்தத் தாசில்தார் அலுவலகத்திலும் நிறுத்தி ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டு சிலுவையை விட்டுவிடலாம், அது புத்திசாலித்தனம். சேரிக்காரன் சிலுவையையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் மட்டும் தேசத்துரோகம்.

அடுத்தது திருச்சபை. எங்களுக்குக் கோபம் அதிகம் இங்கேதான்.

அனுப்பும் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள்: “தாழ்த்தப்பட்ட சமுதாயத்திலிருந்து தேவன் தூக்கி எடுத்த பாத்திரம்.” ஜெப அட்டையில் சாதியை நேராக எழுதாமல் நாசூக்காக எழுதுவார்கள். காணிக்கை சேர்க்க நம் இழிவு வேண்டும். அந்த இழிவுக்குச் சட்டம் கொடுத்த நிவாரணத்தைக் காக்க வேண்டும் என்று கேட்டால், “அது உலகக் காரியம் பிரதர், தேவன் பார்த்துக்கொள்வார்.” அனுப்பும் அமைப்பின் தலைமையில் இருப்பவர்களின் பிள்ளைகள் எந்தச் சான்றிதழில் படித்தார்கள், எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். அவர்களில் பலர் எப்போதும் பி.சி. அவர்களுக்கு ஞானஸ்நானச் சான்று வெறும் காகிதம். நம் பிள்ளைக்கு அது பத்திரம் எழுதிக் கொடுத்தது போல. இரண்டு பேரும் ஒரே விசுவாச வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், விலையை ஒருவர்தான் கட்டுகிறார்.

மாத ஆதரவுப் பணம் சேர்ப்பதிலும் இதே கதைதான். வசதியான சாதிக் கிறித்தவக் குடும்பத்துக்கு டெக்சாஸில் சித்தப்பா, சிங்கப்பூரில் அத்தை. நம் குடும்பத்துக்கு நூறு நாள் வேலைக்குப் போகிற பாட்டிகளும், ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற தங்கைகளும் கொடுக்கிற ஐம்பதும் நூறும். அந்தப் பணத்துக்கு மரியாதை வேண்டும். அதைக் கொடுக்கிற தங்கையின் சான்றிதழும் நாளை இதே ஆபத்தில்தான் இருக்கிறது என்பதைச் சபை ஒருமுறையாவது மேடையில் சொல்ல வேண்டாமா?

சபைக்குள் சாதி இல்லை என்று யாரும் எங்களிடம் வர வேண்டாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரித்துக் கட்டிய சுவரை எதிர்த்து எத்தனை போராட்டம் நடந்தது என்று இந்தத் தலைமுறைக்கும் தெரியும். எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008ல் கலவரம், துப்பாக்கிச்சூடு, இரண்டு உயிர். தலித் மக்களுக்குச் சபைக்குள் பாகுபாடு இருக்கிறது என்று 2016ல் கத்தோலிக்க ஆயர் பேரவையே கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. நாங்கள் சீர்திருத்தச் சபை, எங்களிடம் அது இல்லை என்பவர்கள், சாதியைக் கைவிடச் சொல்லி 1833ல் பேராயர் டேனியல் வில்சன் உத்தரவு போட வேண்டிய தேவை ஏன் வந்தது என்று படிக்கட்டும். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் யார் பக்கம் நின்று எழுதினார் என்றும் பார்க்கட்டும்.

ஊழியம் என்றால் ஆத்துமா மட்டும்தான் என்பது இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாத பேச்சு. திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டில் இருந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி கடல் கடந்து வந்தவர்தான். அவரும் செங்கல்பட்டுப் பகுதியில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதம் ஆண்ட்ரூவும் பறையர்களுக்கு நிலம் வேண்டும் என்று எழுதினார்கள், அதிகாரிகளிடம் வாதாடினார்கள். 1891ல் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையும் 1892ன் நில ஆணையும் அந்தச் சூழலில்தான் வந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றைக்கும் தேடி அலைகிற நிலத்தின் பிறப்பு அது. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு விழுந்தவர்கள் ஜான் தாமசும் ஏழுமலையும். பெயர்களைப் பாருங்கள். ஒன்று கிறித்தவப் பெயர், இன்னொன்று திருப்பதிச் சாமியின் பெயர். சுட்டவனுக்கு மூன்றாவது பத்தி நினைவுக்கு வரவில்லை.

அந்தக் குடும்பத்திடம் நாங்கள் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்ல நாங்கள் யார்? சேரியில் பிறந்த செவிலியர் ஒருவர் வேறொரு கண்டத்தில் மருந்தகத்தில் நின்று வேலை செய்யப் போகிறார் என்பதில் எங்களுக்குப் பெருமைதான். பொய் எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் எதை எழுதினால் எது போகும் என்று ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து விளக்கினோம். வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒன்று கேட்டார்: “பிள்ளைக்கு ஊழியம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லையே அண்ணா, அவனுக்கு ஏன் இது?” வழக்கறிஞரும் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே அறிக்கை கொடுத்தது. அதை ஏற்காத ஒன்றிய அரசு, 2022 அக்டோபரில் கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தைப் போட்டது. இரண்டு ஆண்டில் முடிய வேண்டிய வேலைக்கு நீட்டிப்பு மேல் நீட்டிப்பு. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று, கிறித்தவரான ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. எத்தனை சபைகள் அந்தத் தீர்மானத்தைத் தங்கள் மக்களுக்கு வாசித்துக் காட்டின?

அந்தக் குடும்பத்துக்கு விரைவில் வழியனுப்பு ஆராதனை வைக்கப்போகிறார்கள். ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கோரிக்கை எழுதி அனுப்பும் அமைப்புக்கும் போதகருக்கும் கொடுத்திருக்கிறோம். ஜெப அட்டையில் பிள்ளைகளின் படமும் பெயரும் வேண்டாம். தலித் குடும்பத்தை அனுப்பும் முன் சட்ட ஆலோசனைச் செலவை அமைப்பே ஏற்க வேண்டும். சான்றிதழ் பறிபோனால் அந்தப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பேற்க வேண்டும். ஆராதனை மேடையில் மூன்றாவது பத்தியை நீக்கக் கோரும் தீர்மானத்தை வாசித்து, சபையார் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். போதகர் பார்க்கலாம் என்றார். அமைப்பிலிருந்து இன்னும் பதில் இல்லை. திருத்தணி, அரக்கோணம், பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தம்பி தங்கைகள் யாருக்கெல்லாம் அந்த ஞாயிறு வர முடியுமோ, வாருங்கள். கையெழுத்துத் தாள்களை நாங்கள் அச்சடித்துக் கொண்டுவருகிறோம்.